ஷோகன் 2: சண்டைக் களத்தில் தோற்காமல் இருக்க ஒரு பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதலில் ஓடுவது பெரும்பாலும் சீட்டாட்டமும் கார் ரேஸும்தான். அதில் அலுத்துப் போனவர்கள் அடுத்து ஸ்ட்ராடஜி கேம்ஸ் பக்கம் வருவார்கள். அங்கே ஒரு சிக்கல் காத்திருக்கும். நம் பக்கம் ஆட்கள் அதிகம், ஆயுதங்களும் நல்லவை. ஆனாலும் பத்தே நிமிடத்தில் நம் படை சிதறி ஓடும். இன்னும் வேகமாக மவுஸைக் கிளிக் செய்திருக்க வேண்டுமோ என்று தோன்றும். இரண்டு மூன்று தடவை இப்படித் தோற்றதும் பலர் கேமையே அன்இன்ஸ்டால் செய்து விடுகிறார்கள்.

வேகமாகக் கிளிக் செய்வதற்கும் இந்தத் தோல்விக்கும் அதிகம் சம்பந்தம் இல்லை. காரணம் வேறு. அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

எந்த கேம்?

நாம் எடுத்துக்கொள்வது 'டோட்டல் வார்: ஷோகன் 2'. இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் உருவாக்கி, சேகா நிறுவனம் 2011 மார்ச்சில் வெளியிட்டது. இதே நிறுவனத்தின் முதல் டோட்டல் வார் கேம் 2000-ல் வந்த 'ஷோகன்'. அதில் கம்ப்யூட்டர் தன் படையை நடத்தும் முறைக்குச் சீனப் போர் அறிஞர் சன் சூவின் போர்க்கலை நூலை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள்.

ஷோகன் 2-ன் கதை 1545-ல் தொடங்குகிறது. ஜப்பானில் பல குலங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த காலம் அது. கேமில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, வரைபடத்தில் மாறி மாறிக் காய் நகர்த்துவது. இன்னொன்று, களத்தில் நேரடியாகச் சண்டை நடத்துவது. இந்தப் பாடம் இரண்டாவது பகுதிக்கு மட்டும்.

இந்த கேம் வந்தபோது டூயல் கோர் பிராசசர், விண்டோஸ் 7-க்கு 2 ஜிபி ராம், 256 எம்பி கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க்கில் 20 ஜிபி இடம் இருந்தால் போதும் என்றார்கள். எனவே சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரே இதற்குப் போதும். கிராபிக்ஸ் தடுமாறினால் செட்டிங்ஸில் 'யூனிட் சைஸ்' அளவைக் குறைத்து விடுங்கள். ரத்தம் தெறிக்கும் காட்சிகள் தனியாக விற்கப்படும் இணைப்பில்தான் உள்ளன. பிள்ளைகள் விளையாடும் வீட்டில் அதை வாங்காமல் இருக்கலாம்.

முதலில் இந்த கீகள்

சண்டை தொடங்கும் முன் இவை கைக்குப் பழக வேண்டும்.

1. இடது கிளிக் செய்தால் படைப்பிரிவு தேர்வாகும். வலது கிளிக் செய்த இடத்துக்கு அது நடந்து போகும். வலது டபுள் கிளிக் செய்தால் ஓடும்.

2. வலது பட்டனை அழுத்தியபடி மவுஸை இழுத்தால் வரிசையின் அகலம் மாறும். அகலமாக இழுத்தால் வரிசை மெலியும், குறுக்கினால் தடிக்கும்.

3. கண்ட்ரோல் கீயுடன் 1, 2, 3 என எண்களை அழுத்தினால் பிரிவுகளுக்கு எண் கிடைக்கும். பிறகு அந்த எண்ணை அழுத்தினாலே அந்தப் பிரிவு தேர்வாகும்.

4. 'பி' கீயை அழுத்தினால் சண்டை அப்படியே நிற்கும். நின்றிருக்கும் நேரத்திலும் கட்டளைகள் கொடுக்கலாம். மிகக் கடினமான 'லெஜண்டரி' நிலையில் மட்டும் இந்த வசதி கிடையாது.

நான்காவதுதான் புதியவர்களின் பிரம்மாஸ்திரம். சண்டையை நிறுத்துங்கள், களத்தை ஒரு சுற்று பாருங்கள், யோசித்துக் கட்டளை கொடுங்கள். அவசரம் தேவையில்லை.

யார் யாரை வெல்வார்?

காகிதம், கல், கத்தரி விளையாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதுவும் அது மாதிரிதான். ஈட்டி வீரர்கள் குதிரைப்படையைத் தடுப்பார்கள். வாள் பிடித்த கட்டானா சாமுராய்கள் ஈட்டி வீரர்களை வெட்டிச் சாய்ப்பார்கள். வில் வீரர்கள் தூரத்திலிருந்து எல்லோரையும் குறைப்பார்கள், ஆனால் கைகலப்பில் நிற்க மாட்டார்கள். அந்த வில் வீரர்களை விரட்டப் பிறந்தது குதிரைப்படை.

'அஷிகாரு' என்பவர்கள் சாதாரண விவசாயிகளிலிருந்து திரட்டிய காலாட்கள். செலவு குறைவு. 'யாரி அஷிகாரு' என்ற ஈட்டிப் பிரிவுக்கு 'யாரி வால்' என்ற ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் எல்லோரும் நெருங்கி நின்று ஈட்டியை முன்னே நீட்டுவார்கள். நேரே வரும் குதிரைப்படைக்கு அது முள்வேலி. ஆனால் அந்த நிலையில் அவர்களால் வேகமாக நகர முடியாது. பக்கவாட்டில் யாராவது தாக்கினால் தாங்க மாட்டார்கள்.

எண்ணிக்கை அல்ல, மன உறுதி

பாடத்தின் மையம் இதுதான். இந்த கேமில் ஒரு பிரிவு கடைசி ஆள் சாகும் வரை சண்டை போடுவதில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் 'மொரேல்' என்ற மன உறுதிக் கணக்கு ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அது குறைந்தால் கொடி மினுக்கத் தொடங்கும். மேலும் குறைந்தால் வெள்ளைக் கொடியோடு ஓடத் தொடங்குவார்கள். பாதிப் பேருக்கு மேல் உயிரோடு இருக்கும்போதே இது நடக்கலாம்.

எதனால் மன உறுதி குறைகிறது? பக்கவாட்டிலோ பின்னாலோ அடி விழுந்தால் குறையும். குறுகிய நேரத்தில் நிறையப் பேர் செத்தால் குறையும். ஓடிக் களைத்திருந்தால் குறையும். தளபதி இறந்தால் படை முழுவதுக்கும் பெரிய அடி. பக்கத்தில் நிற்கும் பிரிவு ஓடுவதைப் பார்த்தாலும் குறையும்.

கடைசிக் காரணம்தான் ஆபத்தானது. மரக்காணம் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு வரப்பு உடைந்தால் ஒரு பாத்தியோடு சேதம் நிற்காது, தண்ணீர் அடுத்த பாத்திக்கும் ஏறும். களத்திலும் ஒரு பிரிவு ஓடினால் அடுத்தது தளரும், அதைப் பார்த்து அதற்கடுத்தது தளரும்.

வந்தவாசியில் நடந்தது

இது கேம் தயாரித்தவர்களின் கற்பனையா என்று சந்தேகம் வரலாம். ஜப்பானுக்குப் போக வேண்டாம். நான் இருக்கும் இடையஞ்சாவடியிலிருந்து திண்டிவனம் போய் பஸ் மாறினால் வந்தவாசி வந்துவிடும். 1760 ஜனவரி 22-ம் தேதி அங்கே பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மோதினார்கள். பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தவாசிக் கோட்டையை முற்றுகை இட்டிருந்தார். கோட்டையைக் காப்பாற்ற அயர் கூட் படையோடு வந்தார்.

லாலி தன் இடது கோடியை ஓர் ஏரிக்கரையை ஒட்டி நிறுத்தினார். கரையில் பீரங்கிகளும் கப்பல் வீரர்களும் இருந்தார்கள். பார்வைக்கு மிகப் பத்திரமான இடம். வலது கோடியில் குதிரைப்படை. லாலியே முன்னின்று குதிரைப்படையை நடத்திச் சென்றார். ஆங்கிலேயப் பீரங்கிகள் அதைத் திருப்பி அனுப்பின. நடுவில் லொரேன் ரெஜிமெண்ட் துப்பாக்கி முனையில் கத்தி செருகி நெருக்கமாக முன்னேறியது. கூட்டின் வீரர்கள் பதறாமல், சுமார் 50 கஜ தூரம் வரை வர விட்டுச் சுட்டார்கள். அந்தத் தாக்குதலும் முறிந்தது.

அதுவரை லாலி முழுதாகத் தோற்கவில்லை. அந்த நேரத்தில் ஆங்கிலேயரின் குண்டு ஒன்று ஏரிக்கரையில் இருந்த வெடிமருந்து வண்டியைத் தாக்கியது. வண்டி வெடித்ததில் சுமார் 80 பேர் மாண்டார்கள் அல்லது காயம் பட்டார்கள். பெரிய படைக்கு இது பெரிய எண்ணிக்கை அல்ல. ஆனால் அங்கிருந்தவர்கள் கலைந்து ஓடினார்கள். கூட் உடனே மேஜர் பிரேர்டன் தலைமையில் ஒரு பிரிவை அந்த இடத்துக்கு அனுப்பினார். ஏரிக்கரை கைமாறியது. பக்கத்தில் இருந்த பிரெஞ்சு வரிசைக்கு இப்போது பக்கவாட்டிலிருந்தே அடி. அதை மீட்கப் போன புஸ்ஸி பிடிபட்டார். பிரெஞ்சுக்காரர்களுக்குத் துணையாக வந்திருந்த மராட்டியக் குதிரைப்படை சண்டையில் இறங்கவே இல்லை. லாலி பின்வாங்கினார். ஓராண்டில், 1761 ஜனவரியில், புதுச்சேரியே ஆங்கிலேயர் வசமானது.

நம் கேமில் இருக்கும் எல்லாமே இதில் இருக்கிறது. பீரங்கி அடியில் குதிரைப்படை திரும்பியது. பொறுத்திருந்து சுட்டவர்கள் நிலைத்தார்கள். ஒரு கோடி உடைந்ததும் வரிசை சரிந்தது. 1575-ல் ஜப்பானின் நாகஷினோவிலும் தகேதா கத்சுயோரியின் படை மரத் தடுப்புகளுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நின்ற எதிரிகளை நேரே தாக்கித்தான் அழிந்தது.

இப்படி நிறுத்துங்கள்

இதிலிருந்து நான் பின்பற்றும் படை வரிசையைச் சொல்கிறேன். புதியவர்களுக்கு இது போதும்.

முன்னால் வில் வீரர்கள். அவர்களுக்குப் பின்னால், நீண்ட ஒரே வரிசையாக யாரி அஷிகாரு. எதிரி நெருங்கியதும் வில் வீரர்களைப் பின்னால் இழுத்து விடுங்கள். ஈட்டி வரிசையின் இரண்டு முனைகளையும் சற்றே பின்னோக்கி வளைத்து வையுங்கள். பக்கவாட்டுத் தாக்குதலை அது தாமதப்படுத்தும்.

வரிசைக்குப் பின்னால் நடுவில் தளபதி. அவர் அருகில் இருந்தாலே வீரர்களின் மன உறுதி ஏறும். ஓடத் தொடங்கியவர்களைத் திரட்ட 'ரேலி' பட்டன் உண்டு. அவரை முதல் வரிசையில் இறக்கி வாள் சண்டை போட விடாதீர்கள்.

கடைசியாக ரிசர்வ். குறைந்தது ஒரு கட்டானா சாமுராய் பிரிவையும் ஒரு குதிரைப் பிரிவையும் எதிலும் சேர்க்காமல் தனியாக வையுங்கள். புதியவர்கள் எல்லோரையும் ஒரே நேரத்தில் சண்டையில் தள்ளி விடுகிறார்கள். பிறகு ஒரு மூலை உடைந்தால் அடைக்க ஆள் இருக்காது. வந்தவாசியில் சரியான நொடியில் அனுப்ப கூட்டின் கையில் ஒரு பிரிவு இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

எப்போது ரிசர்வை இறக்குவது? இரண்டு வரிசைகளும் மோதி, எதிரியின் கவனம் முழுக்க முன்னால் இருக்கும்போது. 'பி' கீயை அழுத்திச் சண்டையை நிறுத்துங்கள். குதிரைப்படையைப் பெரிதாகச் சுற்றி எதிரியின் பின்பக்கம் கொண்டு வாருங்கள். ஏற்கனவே கொடி மினுக்கும் பிரிவாகப் பார்த்து இடியுங்கள். அது ஓடும். அதற்குப் பக்கத்துப் பிரிவின் கொடியைக் கவனியுங்கள்.

மேடும் மழையும்

முடிந்தவரை மேட்டில் நில்லுங்கள். மேட்டிலிருந்து அம்பு தூரமாகப் போகும். ஏறி வரும் எதிரி களைத்துப் போவான். உங்கள் படையைத் தேவையில்லாமல் ஓட வைக்காதீர்கள், நடந்து போகட்டும். மரக்கூட்டம் இருந்தால் ரிசர்வை அதில் ஒளிக்கலாம்.

மழையையும் பாருங்கள். 2000-ல் வந்த முதல் ஷோகனில் மழை பெய்தால் துப்பாக்கி வீரர்கள் சுடவே முடியாது. எந்தப் படையையும் ஒரே ஆயுதத்தை நம்பி அமைக்காதீர்கள்.

எதிரி ஓடத் தொடங்கியதும் எல்லோரையும் துரத்த விடாதீர்கள். வரிசை கலையும். ஒரே ஒரு குதிரைப் பிரிவு துரத்தட்டும், இல்லாவிட்டால் ஓடியவர்கள் திரும்பி வந்து நிற்பார்கள்.

வீட்டுப் பாடம்

கேமில் 'கஸ்டம் பேட்டில்' என்ற வசதி உண்டு. அதில் இரண்டு பக்கமும் ஒரே அளவு பணத்தில் படை எடுங்கள். முதல் தடவை எல்லோரையும் நேராக மோத விடுங்கள். இரண்டாவது தடவை அதே களத்தில், அதே படையோடு, ரிசர்வை வைத்திருந்து எதிரியின் ஒரு கோடியை மட்டும் பின்னாலிருந்து உடையுங்கள். இரண்டு சண்டைகளின் முடிவிலும் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்ற பட்டியல் வரும். இரண்டையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் மிஞ்சியவர்களின் கணக்குதான் நீங்கள் கற்ற பாடத்துக்கு மார்க்.