ஹெலிகாப்டர் துறையின் வளர்ச்சியும் பணியாளர் தேவையும்

நம் நாட்டில் ஹெலிகாப்டர் உற்பத்தி 1960-களில் தொடங்கியது. பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் பிரெஞ்சு உரிமத்தின் பேரில் 'சேத்தக்' ஹெலிகாப்டர்களைத் தயாரித்தது. 'துருவ்' 1992-இல் முதன்முறையாகப் பறந்தது. 1985-இல் பவன் ஹன்ஸ் நிறுவனம் அமைக்கப்பட்டது. துமகூரு தொழிற்சாலை 2023-இல் திறக்கப்பட்டது.

தேவையும் கண்கூடு. 2021 நவம்பரில் திருப்பதி நகரம் வெள்ளத்தில் தத்தளித்தது. அதே நாட்களில் அனந்தபூர் மாவட்டத்தில் ஆற்றில் சிக்கிய பத்துப் பேரை விமானப்படை ஹெலிகாப்டர் மீட்டது.

எனினும், ஆலையில் உற்பத்தியைப் பெருக்குவதுபோல் விமானிகளையும் பராமரிப்புப் பொறியாளர்களையும் விரைவில் பெருக்க இயலாது. பயிற்சிக்குக் காலமும் பொருளும் வேண்டும். இராணுவத்திலிருந்து ஓய்வு பெறுவோரையே பெரிதும் நம்பியிருப்பது நீடித்த தீர்வாகாது.

2009 செப்டம்பர் 2 அன்று ஆந்திர முதலமைச்சர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ஐதராபாத்திலிருந்து சித்தூர் மாவட்டத்திற்குப் புறப்பட்ட அரசு ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் விழுந்தது. விமானிகள் இருவர் உட்பட ஐவரும் மாண்டனர். கடும் கீழ்நோக்குக் காற்றில் ஹெலிகாப்டர் கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என விசாரணைக் குழு கண்டது. எண்ணெய் அழுத்தம் பற்றிய எச்சரிக்கைக்குரிய நடைமுறையைக் கையேட்டில் தேடுவதில் விமானிகளின் கவனம் சென்றதையும் சுட்டிக்காட்டியது.

நெருக்கடியில் கையேட்டைப் புரட்ட நேரமிராது. நடைமுறை பயிற்சியால் மனத்தில் பதிந்திருத்தல் வேண்டும். ஆகவே ஹெலிகாப்டருக்கு ஒதுக்கும் முதலீட்டுடன் பயிற்சிக்கான முதலீட்டையும் சேர்த்தே திட்டமிடுதல் இன்றியமையாதது.