கொழும்பில் ஓர் ஓவியர் வீடு: போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

1. திருச்சி மன்னார்புரத்திலிருந்து டி.வி.எஸ். டோல்கேட் தாண்டினால் விமான நிலையம். அங்கே ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. போகிறவர்கள் கடைவீதியோடு திரும்பிவிடாமல், பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் அறக்கட்டளைக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். ஓவியர் ஹாரி பீரிஸ் (1904-1988) தன் வீட்டையும் சேர்த்துவைத்த ஓவியங்களையும் எல்லோரும் பார்ப்பதற்காக 1974இல் ஏற்படுத்திய அறக்கட்டளை இது.

2. போன் செய்து கேட்டுவிட்டே கிளம்புங்கள். தினமும் திறந்திருக்கும் இடமல்ல. பௌர்ணமியன்று இலங்கையில் போயா விடுமுறை என்பதால் காலண்டரையும் பாருங்கள்.

3. இலங்கைக்குள் நுழைவதற்கான அனுமதிக்கு அந்நாட்டு அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பியுங்கள். இடைத்தரகர் தளங்களில் பணம் கூடப்போகும்.

4. தோள்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். சட்டென்று திரும்பும்போது பை உரசினால் பழைய ஓவியத்தில் வண்ணம் பெயர்ந்துவிடும். நனைந்த குடை வாசலோடு நிற்கட்டும். போட்டோ எடுக்கலாமா என்று கேளுங்கள். எடுக்கச் சொன்னாலும் ஃபிளாஷ் வேண்டாம்.

5. எல்லாப் படத்தையும் பார்த்துத் தீர்க்க நினைக்காதீர்கள். 1943 ஆகஸ்டில் கொழும்பில் தொடங்கிய '43 குழு' ஓவியர்களின் படங்கள்தான் இங்கே முக்கியம். அவர்களில் ஜார்ஜ் கீட் (1901-1993) ஒருவருக்காகவே போகலாம். ஸ்ரீரங்கத்தில் பஜனை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அஷ்டபதி புதிதல்ல. அந்த அஷ்டபதிகள் அடங்கிய ஜெயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் கீட். அவர் படத்துக்கு முன் நாலடி தள்ளி நின்று, வண்ணத்தை விட்டுவிட்டுக் கோட்டை மட்டும் பாருங்கள். நெற்றியில் புறப்படும் கறுப்புக் கோடு மூக்கு, கழுத்து, தோள் என்று வளைந்து இறங்கும். ஒரே முகத்தில் பக்கவாட்டுத் தோற்றமும் நேர்த்தோற்றமும் சேர்ந்திருக்கும். பிக்காசோவின் பாதிப்பு தெரியும். நம் கோயில் சிற்பத்தின் உடல்வாகும் தெரியும். இரண்டும் ஒட்டுப்போட்டதுபோல் இல்லாமல் இழைந்திருப்பதுதான் அவர் கைவரிசை.

6. பிள்ளைகளுடன் போனால், அதே 43 குழுவின் ஓவியர் மஞ்சுஸ்ரீயைப் பற்றிச் சொல்லுங்கள். பௌத்த துறவியாக இருந்த அவர், அழிந்துகொண்டிருந்த விகாரைச் சுவரோவியங்களை ஊர் ஊராகப் போய்ப் படியெடுத்தவர்.

7. அப்படியே பொரளையில் உள்ள கோதமி விகாரைக்கும் போய்விடுங்கள். கீட் 1939-40இல் வரைந்த புத்தர் வரலாறு அங்கே சுவர் முழுக்க இருக்கிறது. தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். செருப்பைக் கழற்றிவிட வேண்டும்.

8. புறப்படும்போது முடிந்த தொகையை நன்கொடையாகக் கொடுங்கள். கடலோர ஊரின் ஈரக்காற்றில் இந்த ஓவியங்களைப் பூஞ்சை பிடிக்காமல் காப்பது செலவு பிடிக்கும் வேலை.