பைட் மட்டும் போதாது, தம்பி

அன்புத் தம்பிக்கு,

மாவட்டச் செய்தியாளராகச் சேர்ந்துவிட்டாய் என்ற சேதியில் மகிழ்ச்சி. "பத்து மைக் நீட்டி ஒரே பைட் (பேட்டித் துணுக்கு) வாங்குகிறோம், இதில் என் வேலை என்ன?" என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான். பைட்டை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். உனக்கென்று செய்தி வேண்டுமானால் காகிதம் படிக்கப் பழகு.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். யாராவது மண்ணெண்ணெய் கேனோடு வருவார்களா என்று கேமராக்கள் வாசலிலேயே காத்திருக்கும். நீ மனு எழுதித் தருபவர் பக்கத்தில் போய் உட்கார். ஒரு பாட்டி மஞ்சள் பையிலிருந்து பழைய மனு ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். பட்டாவில் சர்வே எண் தப்பாக ஏறியிருக்கும். அதைக் குறித்துக்கொள். அதே ஊரில் இன்னும் எத்தனை பேருக்கு இப்படி என்று விசாரி. பாட்டியின் குறை அப்போது ஊர்ச் செய்தியாகும்.

அதிகாரி வாய் திறக்கவில்லையா? தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றப் படத்தை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதே. அன்று கூடும் கிராம சபையில் உட்கார்ந்து ஊராட்சியின் வரவு செலவைக் கேள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் ராமநாதபுரம், புதுக்கோட்டை உட்பட நாட்டின் ஏழை மாவட்டங்களில் தங்கி எழுதியவை 1996-ல் புத்தகமாக வந்தன. இன்றும் படிக்கிறார்கள். தேடிப் படி.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றமென்றால் பேரை மறைத்தால் மட்டும் போதாது. முகத்தை மங்கலாக்கிவிட்டு வீட்டு வாசலைக் காட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும். பள்ளி, தெரு, பெற்றோர் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவின்படி குற்றம். டெஸ்க்கிலிருந்து எத்தனை முறை போன் வந்தாலும் அந்த ஷாட்டை அனுப்பாதே.

கடைசியாக, காசு விஷயம். பல ஊர்களில் நிருபருக்கு வரும் பணம் பெட்ரோலுக்கே பற்றாது. அது தெரிந்துதான் பிரஸ் மீட்டில் கவர் நீட்டுவார்கள். கை நீட்டாதே. இன்று வாங்கினால் நாளை கொடுத்தவரிடம் கேள்வி கேட்க உனக்கு வாய் வராது. வருமானத்துக்கு மொழிபெயர்ப்போ வீடியோ எடிட்டிங்கோ ஒரு கைத்தொழில் வைத்துக்கொள்.

முதல் தகவல் உரிமை விண்ணப்பத்தை இந்த வாரமே எழுதிப் போடு.

அன்புடன்,
அண்ணன்