சைக்கிள் கண்ணாடிக்கு ஒரு மானிட்டர் சோதனை

கிழக்குத் தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர் அலுவலகத்துக்குச் சைக்கிளில்தான் செல்கிறேன். காலையில் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். ஒருநாள் இருட்டிய பின் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டேன். மேடவாக்கம் அருகே கண்ணில் பூச்சி விழுந்து, லாரிக்கு முன்னால் தடுமாறிவிட்டேன். மறுநாளே லென்ஸ் மாற்றும் வகை வாங்கினேன். பகலுக்கு 8 முதல் 18 சதவீதம் ஒளியை விடும் கறுப்பு, இரவுக்கு நிறமற்றது.

கறுப்பை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்பு லென்ஸுக்குப் பின்னால் கண்பாவை விரிந்து, அந்தக் கதிரைக் கூடுதலாக உள்ளே விடும். 400 நானோமீட்டர் வரை தடுக்கும் 'யுவி400' குறிப்பும், எளிதில் உடையாத பாலிகார்பனேட்டும் அவசியம்.

போலரைஸ்டு என்று கடைக்காரர் சொன்னால், எல்சிடி மானிட்டரைப் பார்த்தபடி கண்ணாடியை மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை கறுத்தால் அசல். இதே காரணத்தால் ஹேண்டில்பாரில் மாட்டிய செல்போன் மேப்பும் கறுத்துப்போகலாம். எனக்கு மேப் வேண்டும், போலரைஸ்டு வாங்கவில்லை.