ஆங்கிலம் படிப்போம்: வினைச்சொல் வகைகள்



தமிழில் "இவர் என் அப்பா" என்றால் அது முழு வாக்கியம். அதில் வினைச்சொல் இல்லை, குறையும் இல்லை. இங்கிலீசில் அப்படி முடியாது. "ஹீ மை ஃபாதர்" என்றால் பிழை. "ஹீ இஸ் மை ஃபாதர்" என்றால்தான் சரி. வினைச்சொல் இல்லாமல் இங்கிலீஸ் வாக்கியம் நிற்காது. அதன் மூன்று வகைகளைப் பார்ப்போம்.

1. செயல் வினை
செய்கிற வேலையைச் சொல்வது. பிளக் என்றால் பறிப்பது, கேரி என்றால் சுமப்பது, குக் என்றால் சமைப்பது. "ஐ பிளக் டீ" என்கிறோம். அம்மாவைப் பற்றிச் சொன்னால் "ஷீ பிளக்ஸ் டீ". ஹீ, ஷீ, இட் வந்தால் கடைசியில் அந்த "ஸ்" சேரும். நேற்று நடந்ததென்றால் "பிளக்ட்". சில சொற்கள் உருவே மாறிவிடும்: கோ - வென்ட், கம் - கேம். இவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

2. இருப்பு வினை
ஆம், இஸ், ஆர். நடந்து முடிந்ததற்கு வாஸ், வேர். "ஐ ஆம் சிக்" என்றால் எனக்குச் சுகமில்லை. "தே ஆர் அட் ஸ்கூல்" என்றால் அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள்.

3. துணை வினை
செயல் வினைக்கு முன்னால் வந்து உதவுவது. ஆஸ்பத்திரியில் "ஐ ஹேவ் டேக்கன் த மெடிசின்" என்றால் மருந்து குடித்துவிட்டேன். "ஐ வில் டேக் த மெடிசின்" என்றால் இனிமேல்தான் குடிப்பேன். மாற்றிச் சொன்னால் ஒரே மருந்தை இரண்டு தரம் குடிக்க நேரலாம்.

கடிதம், அறிவித்தல் வாசிக்கும்போது துணை வினையை நன்றாகக் கவனியுங்கள். "யூ மே பிரிங் எ கொப்பி" என்றால் கொப்பி கொண்டு வரலாம். "யூ மஸ்ட் பிரிங் த ஒரிஜினல்" என்றால் மூலப் பத்திரத்தைக் கட்டாயம் கொண்டு வர வேண்டும். அது தெரியாமல் டவுனுக்குப் போனால் பஸ் காசும் வீண், ஒரு நாள் பேரும் போய்விடும்.

இன்னொன்று. "மஸ்ட்" என்றால் வேண்டும் என்பதால், "மஸ்ட் நொட்" என்றால் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குச் செய்யவே கூடாது என்று அர்த்தம். தேவையில்லை என்பதற்கு "நீட் நொட்" என்று வரும். "யூ மஸ்ட் நொட் சைன் ஹியர்" என்று ஃபோமில் இருந்தால், அந்த இடத்தில் கையொப்பம் வைக்கவே கூடாது.

பயிற்சி
வினைச்சொல்லைக் கண்டுபிடித்து வகையைச் சொல்லுங்கள்.
1. மை பிரதர் இஸ் எ டிரைவர்.
2. வீ கேரி வாட்டர்.
3. யூ மஸ்ட் நொட் டச் த மெஷின்.

விடை: 1. இஸ் - இருப்பு வினை. 2. கேரி - செயல் வினை. 3. மஸ்ட் - துணை வினை, டச் - செயல் வினை.

பிள்ளைகள் விடையைச் சத்தமாகச் சொல்லட்டும். பெற்றோரும் பக்கத்தில் இருந்து கேளுங்கள். கேட்கக் கேட்க உங்களுக்கும் வந்துவிடும்.