மிக்ஸி வாங்குறது பெரிசில்ல, பில்லைப் பத்திரமா வைக்கிறதுதான் பெரிசு!

இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்லி நாலு கடை ஏறி இறங்குறீங்க. வாங்கிட்டு வந்ததும் என்ன பண்றீங்க? "பழைய மிக்ஸி இன்னும் ஓடுதே, புதுசு இருக்கட்டும்"னு பரண்ல ஏத்திடுறீங்க. மூணு மாசம் கழிச்சு இறக்கி சுவிட்சைப் போட்டா சத்தமே இல்லை. பில்லைத் தேடுனா கிடைக்காது. கிடைச்சாலும் எழுத்து அழிஞ்சிருக்கும். கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டுவார், கம்பெனி கடையைக் கை காட்டும். நடுவுல நீங்க அலையணும்.

இதெல்லாம் தேவையாம்மா? அக்கா சொல்றதைக் கேளுங்க. பொருள் வாங்குற வேலை கடையில பாதிதான் முடியுது. மீதிப் பாதி வீட்டுக்கு வந்த முதல் வாரத்துல இருக்கு.

கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி

1. வீட்டு பிளக் பாயின்ட்டைப் பாருங்க. 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்ப்ஸ் கரண்ட் இழுக்கும். அதுக்குப் பெரிய 15 ஆம்ப்ஸ் பிளக்தான் சரி. கன்வெர்ஷன் பிளக் மாட்டி சின்ன பாயின்ட்ல சொருகுனீங்கன்னா சாக்கெட் கருகும். அப்புறம் அடுப்பைக் குறை சொல்லாதீங்க.

2. இண்டக்‌ஷன் வாங்குறவங்க பாத்திரத்தையும் சோதிங்க. அடியில காந்தத்தை வச்சுப் பாருங்க. ஒட்டுனாதான் அந்தப் பாத்திரம் சூடாகும். சாதா அலுமினியப் பாத்திரம் வேலைக்கு ஆகாது.

3. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கு வாசல் அகலத்தையும், மாடிப்படி திரும்புற இடத்தையும் டேப் வச்சு அளந்துக்குங்க. "உள்ள போகலை, திருப்பி எடுத்துக்குங்க"ன்னா அது பொருளோட குறை ஆகாது.

கடையில நிக்கும்போது

4. ஸ்டாரை மட்டும் எண்ணாதீங்க. அந்த லேபிள்லயே வருஷத்துக்கு எத்தனை யூனிட் கரண்ட் ஆகும்னும், லேபிள் எந்த வருஷம் வரைக்கும்னும் போட்டிருக்கும். அளவுகோலை அவ்வப்போது இறுக்குவாங்க. பழைய 5 ஸ்டாரும் புது 5 ஸ்டாரும் ஒண்ணில்ல. யூனிட்டைப் பார்த்து ஒப்பிடுங்க.

5. குக்கர், இஸ்திரிப் பெட்டி, கீசர் இதுக்கெல்லாம் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரியிலிருந்து முத்திரை இல்லாம விக்கவே கூடாது. முத்திரைக்குக் கீழ சி.எம்./எல்.னு ஆரம்பிக்கிற எண் இருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் ஆப்ல போட்டா நிஜமா போலியான்னு தெரிஞ்சுடும். ஒரு நிமிஷ வேலை.

6. ஆடித் தள்ளுபடியில "அடிச்ச விலை"ன்னதும் பாயாதீங்க. அட்டைப்பெட்டியில தயாரிச்ச மாசம், வருஷம் இருக்கும், பாருங்க. ஷோகேஸ்ல வச்சிருந்த பீஸா, சீல் பிரிக்காத பெட்டியான்னும் கேளுங்க.

7. "பத்து வருஷ வாரன்டி"ன்னு கொட்டை எழுத்துல இருந்தா, எதுக்குப் பத்து வருஷம்னு கேளுங்க. ஃபிரிட்ஜ்ல பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும்தான். மிக்ஸியில மோட்டாருக்கு ஒரு கணக்கு, மத்ததுக்கு வேற கணக்கு. ஜார் வாஷர், கப்ளர் மாதிரி தேயுற சாமானெல்லாம் பெரும்பாலும் வாரன்டியில வராது.

8. பில் கவுன்டர்ல அவசர அவசரமா எக்ஸ்டெண்டட் வாரன்டியைத் தலையில கட்டுவாங்க. விதிமுறையை வாங்கிப் படிக்காம தலையாட்டாதீங்க. "நோ காஸ்ட்" தவணைன்னாலும் பிராசஸிங் கட்டணம் உண்டான்னு கேளுங்க.

9. "பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுத் தரேன்"னா, நன்றி சொல்லிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க. பில் இல்லாத பொருள் அப்பன் பேர் தெரியாத பிள்ளை மாதிரி, யாரும் பொறுப்பேத்துக்க மாட்டாங்க. பில்லுல மாடல், சீரியல் நம்பர், தேதி மூணும் இருக்கணும். வாரன்டி கார்டுல கடை சீல் விழணும். பில்லை அங்கேயே போட்டோ எடுத்துடுங்க. அந்த வழவழ பேப்பர் சீக்கிரம் வெளுத்துப் போகும்.

முதல் வாரம்

10. வந்த அன்னிக்கே ஓட்டிப் பாருங்க. நல்ல நாள் பார்க்கணும்னா வாங்குற நாளையே நல்ல நாளா பாருங்க! மிக்ஸின்னா எல்லா ஜாரையும் போட்டுப் பாருங்க, ஃபிரிட்ஜ்னா ஐஸ் கட்டுதான்னு பாருங்க.

11. ஆன்லைன்ல வாங்குனா, பெட்டி மேல ஒட்டியிருக்கிற விலாசச் சீட்டு தெரியுற மாதிரி ஆரம்பிச்சு, பிரிச்சு வெளிய எடுக்கிற வரைக்கும் ஒரே வீடியோவா எடுங்க. நடுவுல நிறுத்தாதீங்க. "உடைஞ்சுதான் வந்துச்சு"ன்னு வாயால சொன்னா யாரு நம்புவாங்க?

12. வாஷிங் மெஷினைக் கம்பெனி ஆள் வந்துதான் பிரிக்கணும். முன்பக்கம் கதவு வச்ச மெஷின்ல, வண்டியில ஆடாம இருக்கப் பின்னாடி போல்ட் முடுக்கியிருப்பாங்க. கழட்டாம ஓட்டுனா மெஷின் நடுக்கூடத்துக்கு வந்து குதிக்கும். கழட்டுன போல்ட்டை எடுத்து வைங்க, வீடு மாறும்போது வேணும்.

13. பெட்டியையும் தெர்மோகோலையும் மறுநாளே எடைக்குப் போடாதீங்க. பொருளை மாத்திக் கொடுக்கணும்னா முதல்ல கேக்குறது அதைத்தான். ஒரு மாசம் கட்டிலுக்கு அடியில கிடந்தா ஒண்ணும் குறைஞ்சுடாது.

பழுதுன்னா பதறாதீங்க

14. முதல்ல நீங்களே பாருங்க. மிக்ஸி அரைக்கும்போதே நின்னுபோச்சா? பிளக்கைப் பிடுங்கி, கொஞ்சம் ஆறவிட்டு, அடியில இருக்கிற சின்னச் சிவப்பு பட்டனை அழுத்துங்க. லோடு தாங்காம அது தானா வெளிய வந்திருக்கும், மோட்டாரைக் காப்பாத்துற ஏற்பாடு. அது தெரியாம ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டு ஓடுறவங்கதான் அதிகம். வாஷிங் மெஷின்ல தண்ணி ஏறலைன்னா குழாய் திறந்திருக்கா, பைப் நுனி வலையில மண் அடைச்சிருக்கான்னு பாருங்க.

15. கஸ்டமர் கேர் நம்பரைப் பெட்டியிலயோ வாரன்டி கார்டுலயோ பாருங்க. இணையத்துல தேடி முதல்ல வர்ற நம்பருக்கு அடிக்காதீங்க, போலி நம்பர் நிறைய உலாவுது. ஓ.டி.பி. கேட்டாலோ, ஏதாவது ஆப் இறக்கச் சொன்னாலோ போனை வச்சுடுங்க. பணம் போயிடுச்சுன்னா அந்த நிமிஷமே 1930-க்குச் சொல்லுங்க.

16. புகார் எண் இல்லாத புகார் புகாரே இல்லை. மெக்கானிக் வந்தா ஜாப் ஷீட் வாங்குங்க. பார்ட்ஸ் மாத்துனா பழசைக் காட்டச் சொல்லுங்க. "தனியா என் நம்பருக்குக் கூப்பிடுங்க, கம்மியா முடிச்சுத் தரேன்"னு சொல்ற தம்பியை வாரன்டி காலத்துல கூப்பிடாதீங்க. வெளியாள் கை வச்சா வாரன்டி போயிடும்.

17. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு பில்லுல அச்சடிச்சிருந்தா பயந்துடாதீங்க. குறையுள்ள பொருளை பில்லுல சொன்ன கெடுவுக்குள்ள, கெடுவே போடலைன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுத்துப் பணம் தர மறுக்கிறது முறையற்ற வணிகம்னு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லுது. பில் தராததும் அப்படித்தான். ஆனா, கலர் பிடிக்கலைன்னு சண்டை போட இந்தச் சட்டம் வராது.

18. ஆன்லைன் கடைன்னா அவங்க குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு பதில் தரணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். புகாரை எழுத்துல கொடுங்க. போன்ல கத்துனதுக்கு சாட்சி கிடையாது.

19. அப்பவும் அசையலையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் இல்லை, தமிழ்லயே பேசலாம். அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். கடை எந்த ஊர்ல இருந்தாலும் நீங்க இருக்கிற மாவட்டத்துலயே போடலாம். பிரச்னை வந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள்ள போட்டுடணும், அவ்வளவுதான்.

கடைசியா ஒண்ணு. கடைப்பையன்கிட்டயும் மெக்கானிக்கிட்டயும் எரிஞ்சு விழாதீங்க. பொருளை அவங்க செய்யலை. பொறுமையா பில்லை நீட்டி, புகார் எண்ணைச் சொல்லி, தேதி கேட்டு எழுதிக்குங்க. கத்துறவங்களை விட காகிதம் வச்சிருக்கிறவங்களுக்குத்தான் வேலை நடக்கும். சரி, படிச்சது போதும். எழுந்து போய் பீரோல கிடக்கிற பில்லையெல்லாம் இப்பவே போட்டோ எடுங்க!