அலகு 11: வாய்வழி மருந்துகளின் அகத்துறிஞ்சலும் காமாக் கமராவும்

அறிமுகம்

குளிசையொன்றை விழுங்கியபின் குருதியைச் சோதித்தால், எவ்வளவு மருந்து குருதியை அடைந்தது என அறியலாம். ஆனால் மருந்து குருதியில் பிந்திச் சேர்ந்தால் அதற்குரிய காரணம் யாது? குளிசை இரைப்பையில் தங்கியதா? சிறுகுடலில் கரையாது சென்றதா? குருதிச் சோதனை மட்டும் இதற்கு விடை தராது. குளிசையின் பயணத்தை உடலுக்கு வெளியிலிருந்து அவதானிக்க உதவுவது காமாக் கமராவாகும்.

சுட்டியாகப் பயன்படும் சமதானிகள்

1. தெக்னீசியம்-99எம்: அரைவாழ்வுக் காலம் 6 மணித்தியாலம். 140 கிலோ இலத்திரன் வோல்ற்றுச் சக்தியுடைய காமாக் கதிரைக் காலும்.
2. இந்தியம்-111: அரைவாழ்வுக் காலம் 2.8 நாட்கள். பெருங்குடல் வரை நீண்ட நேரம் அவதானிக்க ஏற்றது.
3. சமாரியம்-153: உறுதியான சமாரியம்-152 ஐக் குளிசையிற் சேர்த்து, குளிசை தயாரான பின்னர் நியூத்திரன்களால் மோதச்செய்து பெறப்படும். எனவே தயாரிக்கும்போது கதிர்த்தொழிற்பாடு இராது.

அல்பா, பீற்றாத் துணிக்கைகள் இழையங்களினால் பெரும்பாலும் தடுக்கப்படும். காமாக் கதிர் உடலை ஊடுருவி வெளிவருவதால் விம்பம் பெற உகந்தது.

கமரா தொழிற்படும் விதம்

1958 இல் ஹால் ஆங்கர் விவரித்த கமராவே இதன் அடிப்படை. துளைகளுள்ள ஈயத் தட்டினூடாக வரும் கதிர்கள் சோடியம் அயடைட்டுப் பளிங்கில் பட்டு ஒளிப்பொறிகளைத் தோற்றுவிக்கும். இவை மின் சைகைகளாக மாற்றப்பட்டுக் கணனியில் விம்பமாகும்.

கவனிக்க

கமரா காண்பது மருந்தையன்று, சுட்டியையே. சுட்டி அகத்துறிஞ்சப்படாததாயின், அது குளிசை இருக்கும் இடத்தையும் சிதையும் நேரத்தையும் காட்டும். அகத்துறிஞ்சப்பட்ட அளவை அறிய, அதே நேரத்தில் குருதி மாதிரியும் எடுத்தல் வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டே முடிவு கூறலாம்.

பெறப்பட்ட முடிவுகள்

* இரைப்பை வெறுமையாகும் நேரம் உணவைப் பொறுத்து பெரிதும் மாறும்.
* சிறுகுடலைக் கடக்கும் நேரம் பொதுவாக 3 – 4 மணித்தியாலம்.
* அமிலத்தில் கரையாத மேலுறையுடைய குளிசை, உணவுடன் விழுங்கப்பட்டால் இரைப்பையில் நீண்ட நேரம் தங்கலாம். எனவே மருந்தின் பயன் பிந்தும்.

மாதிரி வினா

தெக்னீசியம்-99எம் சுட்டியிடப்பட்ட சிறுமணிகளைக் கொண்ட மருந்து உணவுடன் உட்கொள்ளப்பட்டது. மு.ப. 8.00 இற்கு, மணிகள் யாவும் இரைப்பையில் உள்ளபோது, அங்கு நிமிடத்துக்கு 8000 எண்ணிக்கைகள் பதிவாகின. பி.ப. 2.00 இற்கு 1000 பதிவாகின. இரைப்பையை விட்டு நீங்கிய பின்னம் யாது? (பின்னணிக் கதிர்ப்பைப் புறக்கணிக்க.)

விடை:
கழிந்த காலம் = 6 மணித்தியாலம் = 1 அரைவாழ்வு
எதுவும் நீங்காதிருப்பின் எண்ணிக்கை = 8000 ÷ 2 = 4000
எஞ்சிய பின்னம் = 1000 ÷ 4000 = 1/4
∴ நீங்கிய பின்னம் = 3/4

மாணவர் பலர் விடும் தவறு: 7000 ÷ 8000 = 7/8 என எழுதுதல். இங்கு தேய்வினால் ஏற்பட்ட குறைவும் மருந்து வெளியேறியதாகக் கணிக்கப்பட்டுவிட்டது. ஆய்வுகூடத்திலும் இத்தவறு நேருமாயின், மருந்து உண்மையிலும் விரைவாகக் குடலை அடைந்ததாக முடிவு செய்யப்படும். ஆகவே முதலில் தேய்வைத் திருத்துக.

பயிற்சி

1. அதே மருந்துக்கு மு.ப. 8.00 இலிருந்து 12 மணித்தியாலத்தின் பின் இரைப்பையில் 200 எண்ணிக்கைகள் பதிவாகின. எஞ்சிய பின்னம் யாது? (விடை: 1/10)
2. 24 மணித்தியால ஆய்வுக்குத் தெக்னீசியம்-99எம் ஐ விட இந்தியம்-111 உகந்தது. காரணம் தருக.
3. கர்ப்பிணிகள் இவ்வாய்வுகளில் சேர்க்கப்படாமைக்குக் காரணம் கூறுக.